‘நைஸ்’ என்ற சொல்லின் பழைய பொருள்

கேள்வி: ஆங்கிலத்தில் எதைப் பாராட்டினாலும் ‘நைஸ்’ என்கிறார்கள். அச்சொல் முதலில் ‘முட்டாள்’ என்ற பொருளில் வழங்கியதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான். இதன் வேர் ‘நெஸ்கியுஸ்’ என்னும் லத்தீன் சொல். ‘அறிதல்’ என்று பொருள்படும் ‘ஸ்கிரே’ என்ற வினையோடு ‘நெ’ என்ற எதிர்மறை சேர்ந்து ‘அறியாத’ என்னும் பொருளைத் தந்தது. ‘சயின்ஸ்’ என்ற சொல் பிறந்ததும் அதே ‘ஸ்கிரே’யிலிருந்துதான். பழைய பிரெஞ்சில் ‘பேதைத்தனமான’ என்ற பொருளில் வழங்கிய இச்சொல், 1066இல் பிரான்சின் வடபகுதியைச் சேர்ந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அங்கே வேரூன்றிய பிரெஞ்சின் வழியாக, ஏறத்தாழ 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் புகுந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் காலத்தில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் அது பெரும்பாலும் வசையே.

வசை பாராட்டானது ஒரே தாவலில் அன்று. பேதைமை, ஆடை அணிகளில் காட்டும் பேதைத்தனமான பகட்டையும் குறித்தது. பகட்டு, எதிலும் குறை காணும் அளவுக்கு மீறிய நாசூக்காயிற்று. நாசூக்கு உடையவர் சிறு வேறுபாட்டையும் கவனிப்பவர் என்பதால், 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான, துல்லியமான’ என்ற பொருள் நிலைத்தது. ‘இனிய’ என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய பொருள்கள் உடனே மறைந்துவிடவும் இல்லை. ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் பாதிரியார் லாரன்ஸ், போய்ச் சேராத தம் கடிதத்தைப் பற்றி, அது ‘நைஸ்’ அன்று என்று பதறுகிறார். கடிதம் இனிமையற்றது என்று அதைப் படிப்பவர் அந்தக் காட்சியையே தவறவிடுவார். ‘அற்பமானதன்று, மிக முக்கியமானது’ என்பதே அங்கே பொருள். பழைய நூல்களைப் படிப்போர் அகராதியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இத்தகைய இடங்களுக்காகத்தான்.

1817இன் இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில், எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ என்பதைக் கேலி செய்யும் ஹென்றி டில்னி, தொடக்கத்தில் அது நேர்த்தியையும் நயத்தையும் மட்டுமே குறித்திருக்கும் என்கிறான். அவன் தொடக்கம் என்று கருதியது, உண்மையில் இடையில் வந்து சேர்ந்த பொருள்.

அந்த நுட்பப் பொருள் இன்றும் வழக்கொழியவில்லை. வாதத்தில் நூலிழை போன்ற வேறுபாட்டைச் சுட்டும்போது, ஆங்கிலத்தில் அதை ‘நைஸ்’ வேறுபாடு என்றே எழுதுகிறார்கள். நாம் மாவை ‘நைசாக’ அரைக்கச் சொல்லும்போதும், ‘இனிய’ என்பதைவிட இந்த நுண்மைப் பொருளையே நெருங்கி நிற்கிறோம்.