2 லட்சம் கி.மீ. தாண்டிய டீசல் காரை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது 2012 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசலைப் பற்றி. என்னிடம் இருப்பது அதே இன்ஜின் போட்ட டிசையர், 2 லட்சத்தைத் தாண்டி நாளாகிறது. அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் காய்கறி வாங்கவும் மட்டும்தான் என்றால் கொடுத்துவிடுங்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துக்கொண்டே இருந்தால் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து பிக்கப் செத்துவிடும்.

மீட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஐடிலிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாய்மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென வந்தால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இன்ஜின் வேலைக்குப் பணம் கொட்டுவதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடுவதே மேல்.

இந்த இன்ஜின் ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட். டாடா விஸ்டாவிலும் இதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது, ஆனால் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதன் ஆயுசு ஆயிலின் கையில் இருக்கிறது என்பதால் ஆயில் மாற்ற நான் 10,000 கி.மீ. வரை காத்திருப்பதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்றால் செயினோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒருமுறை என் வண்டி மேட்டில் இழுக்காமல் கரும்புகை கக்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மாத்திரத்தில் டர்போ போச்சு, மாற்றணும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தார். அடிப்பக்கம் ஆயில் கசிந்து பிசுபிசுவென்றிருந்தது. வளைத்துக் காட்டியபோதுதான் வெடிப்பு வாய் திறந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது காற்றெல்லாம் அதன் வழியாகப் போயிருக்கிறது. ஹோஸை மாற்றியதோடு சரி.

அப்புறம், டீசல் ஃபில்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டீசலில் தண்ணீர் கலந்து உள்ளே போனால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் காலி. நாலு இன்ஜெக்டருக்கு ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

டீசல் காருக்கு 10 வருடம்தான் என்பது டெல்லிப் பக்கத்தில் நீதிமன்ற உத்தரவால் வந்த கட்டுப்பாடு, தமிழ்நாட்டில் அது இல்லை. இங்கே 15 வருடம் முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை அதே வேலை. உங்கள் வண்டிக்கு அது 2027இல் வரும். அதற்குள் அடித்தகட்டில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒருமுறை வண்டியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.