கடற்கரையில் கூடாரம் இல்லாமல், ஒரு தார்ப்பாயை மட்டும் கட்டி இரவு தங்க முடியுமா?

முடியும். ஆனால் செம்மண்ணில் கட்டுவதுபோல் கடல்மணலில் கட்டினால், நடு இரவில் எழுந்து தார்ப்பாயைத் துரத்த வேண்டியிருக்கும். நான் துரத்தியிருக்கிறேன்.

ஓர் ஆடி மாதம், ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்துக்கு அருகே நண்பர்கள் மூவராகத் தங்கினோம். 12க்கு 10 அடித் தார்ப்பாய், இரண்டு சவுக்குக் கம்புகள், நைலான் கயிறு, ஓரடி இரும்பு முளைகள் எட்டு. மாலையில் பார்க்க அழகாகத்தான் நின்றது. கச்சான் என்று மீனவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று இரவு இரண்டு மணிக்கு ஒரு முளையைப் பிடுங்கியது. கயிற்று நுனியில் அந்த இரும்பு கவண்கல்போல் சுழன்று என் காதோரமாகப் போனது. பிறகு யார் உள்ளே படுப்பது? விடியும்வரை தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் படகைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், “அடித்தால் மணல் பிடிக்காது தம்பி, புதைக்க வேண்டும்” என்றார். காலி உரச்சாக்கில் கால்வாசி மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, முழங்கால் ஆழக் குழியில் போட்டு மூடி மிதித்தார். “இப்போது இழுங்கள்.” மூவரும் இழுத்தோம், அசையவில்லை. சாக்கு இல்லாவிட்டால் ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, இழுவைக்குக் குறுக்காகக் கிடத்திப் புதைக்கலாம். இது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மற்றவை எளிது. கம்பு மணலில் இறங்காமலிருக்க அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வையுங்கள். கம்புகளுக்கிடையே கயிற்றை இழுத்துக் கட்டி, தார்ப்பாயை நடுவில் மடித்துப் போடுங்கள். உச்சி மூன்றரை அடி இருந்தால் அடியில் ஏழடி அகலம் கிடைக்கும், மூவர் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டு உயர்த்தினால் காற்றுக்கு இரை. சரிந்த பக்கம் காற்றைப் பார்க்கட்டும், திறந்த வாய் பார்க்கக் கூடாது. காற்றுப் பக்க ஓரத்தின்மேல் மணலை அள்ளிக் கொட்டிவிடுங்கள். தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோக்கும் கண் கிழிந்துவிட்டால், ஒரு கூழாங்கல்லையோ சிப்பியையோ துணிக்குள் வைத்துச் சுற்றி அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டலாம். இது கண்ணைவிட உறுதி. கீழே விரிக்கும் பாய் மட்டும் தார்ப்பாய்க்கு வெளியே நீளக் கூடாது. நீண்டால் மழைநீர் அதன் வழியாக உள்ளே வந்துவிடும்.

இடம்? காய்ந்த பாசி ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே. பனைக்கு நேர்கீழே வேண்டாம். ஆடி, ஆவணியில் பழம் விழும், காவோலை எப்போதும் விழும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்தைவிட, பாக் விரிகுடாப் பக்கம் அரியமான்போலச் சவுக்கு மறைப்புள்ள கரைகள் நல்லவை. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டிலேயே இருங்கள்.

தனுஷ்கோடியில் கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது, மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதியின்றிக் கால் வைக்கவே முடியாது. மற்ற கரைகளிலும் ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் முன்பே சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். இலங்கை எதிரே இருக்கும் கரை இது. இரவில் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் விசாரிக்க வருவார்கள்.