விஆர் விமான விளையாட்டுகளில் தலை அசைவின் சென்சிடிவிட்டியைக் கூட்டி வைக்க முடியுமா?

மானிட்டரில் ஆடியபோது தலையை லேசாகத் திருப்பினாலே பின்பக்கம் தெரிந்தது, விஆர் ஹெட்செட் (முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் திரை) வாங்கிய பிறகு முழுதாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, சென்சிடிவிட்டி, அதாவது தலை அசைவைப் பெருக்கிக் காட்டும் அளவு, எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி கூட்டாதீர்கள். நான் அப்படிக் கூட்டி ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் படுத்துக்கிடந்தேன்.

நீங்கள் ட்ராக்ஐஆரோ ஓப்பன்ட்ராக்கோ, அதாவது தலை அசைவைப் பார்த்து மானிட்டரில் காட்சியைத் திருப்பும் கருவியோ நிரலோ, பழகி வந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே மானிட்டர் மேசையில் அசையாமல் இருக்கிறது, தலையை 90 டிகிரி திருப்பினால் ஸ்கிரீனே கண்ணில் படாது. அதனால்தான் தலை 25 டிகிரி திரும்பினால் காட்சி 150 டிகிரி போகும்படி பெருக்கி வைக்கிறோம். ஹெட்செட்டில் ஸ்கிரீன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது, கூட்ட வேண்டிய தேவையே இல்லை என்று விளையாட்டு செய்பவர்கள் நினைக்கிறார்கள். நல்ல கழுத்து உள்ளவர்களுக்கு அது சரி.

என் கழுத்து அப்படி இல்லை. 2018 நவம்பரில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது, காலையில் இல்லாத ஒரு வேகத்தடை இரவு முளைத்திருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, தெருவிளக்கும் இல்லை. ஹெல்மெட் இருந்ததால் உயிரோடு இருக்கிறேன், ஆனால் கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கிவிட்டது. இன்றைக்கும் வலப்பக்கம் 65 டிகிரி, இடப்பக்கம் 45 டிகிரி, அதற்கு மேல் போனால் தோளிலிருந்து கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு இழுப்பு. மூன்று வருடம் கழித்து ஹெட்செட் வாங்கினேன், ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற விமானச் சண்டை விளையாட்டில் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானத்தை ஓட்ட வேண்டும் என்பது பல நாள் ஆசை. முதல் நாளே புரிந்துவிட்டது, இடப்பக்கத்தில் வருகிற எதிரி எனக்குத் தெரியவே மாட்டான்.

அப்போதுதான் ஒரு துணை நிரலில் தலை அசைவை 1.6 மடங்காக வைத்தேன். முதல் இரண்டு நிமிஷம் அற்புதமாக இருந்தது, வால் பகுதி வரை தெரிந்தது. மூன்றாவது நிமிஷம் உயரமானியைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் அசைத்தேன், காக்பிட் மொத்தமும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. கை ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்கு முன்னால் அதே ஜாய்ஸ்டிக் வேறு இடத்தில் நிற்கிறது. ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் சுவர் நகர்ந்தது. பாத்ரூமுக்குப் போகக்கூட மனைவி கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது என்பதை நீங்களே இப்போது சோதிக்கலாம். கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்து, அதைப் பார்த்தபடியே தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள், விரல் ரேகை தெளிவாகவே தெரியும். இப்போது தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் விரலை ஆட்டுங்கள், கலங்கிப்போகும். தலை அசையும்போது உள்காதிலிருந்து கிளம்பும் செய்தி சுமார் 10 மில்லி செகண்டுக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது, தலை 10 டிகிரி போனால் கண் 10 டிகிரி திரும்பிவரும். காட்சியை 16 டிகிரி நகர்த்தினால் இந்தக் கணக்கு மொத்தமும் தப்பிப்போகிறது, மூளை ஏதோ விஷம் தின்றுவிட்ட மாதிரி வயிற்றைப் புரட்டுகிறது.

உடனே யாராவது 2010இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஃப்ராங்க் ஸ்டைனிக்கேயும் குழுவினரும் செய்த ஆய்வைக் காட்டுவார்கள், காட்சிச் சுழற்சியைக் கொஞ்சம் கூட்டினால் ஆட்களுக்குத் தெரிவதில்லை என்று. நானும் படித்தேன். அதில் வந்த வரம்பு 1.24 மடங்கு, அதுவும் நின்றுகொண்டு உடம்போடு சேர்ந்து திரும்பியவர்களுக்கு. உட்கார்ந்த இடத்தில், கண்ணுக்கு இரண்டடி தூரத்தில் காக்பிட் சட்டம் இருக்கும்போது, எனக்கு 1.15க்கே தெரிந்தது. உங்களுக்குத் தெரியாமல் போகலாம், அப்படியானால் நல்லது, ஆனால் 1.24 கிடைத்தாலும் 45 டிகிரி கழுத்துக்கு 56 டிகிரிதான் ஆகும். வால் தெரியாது.

எனக்கு உதவியது விஆர் நெக்சேஃபர் என்ற இலவச நிரல், ஸ்டீம்விஆர் (விளையாட்டையும் ஹெட்செட்டையும் இணைக்கும் மென்பொருள்) வழியாக ஓடும் விளையாட்டுகளுக்கு. அதே வேலையைச் செய்யும் ஓப்பன்எக்ஸ்ஆர் வழியாக ஓடுபவற்றுக்கு எக்ஸ்ஆர் நெக்சேஃபர் என்று தனியாக இருக்கிறது. இது எல்லா இடத்திலும் பெருக்காது. முன்பக்கம் முழுக்க அசலுக்கு அசல் அப்படியே விட்டுவிட்டு, தலை ஒரு கோணத்தைத் தாண்டினால் மட்டும் காட்சியை ஒரே தாவலில் தள்ளிவிடும். கண் இமைத்துத் திறந்த மாதிரி இருக்கும், வழுக்கல் இல்லாததால் வயிறு புரட்டுவதில்லை. என்னுடைய எண்கள்: இடப்பக்கம் 38 டிகிரியைத் தாண்டினால் கூடுதலாக 40, திரும்பி 30க்கு வந்தால்தான் பழைய நிலை. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விடாவிட்டால் எல்லையில் நிற்கும்போது காட்சி படபடவென்று முன்னும் பின்னும் குதிக்கும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தலையைப் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் தள்ளிவைக்கவும் அதில் வழி உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் போர்விமானத்தை ஓட்டுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும், தலைக்குப் பின்னால் இருக்கும் எஃகுத் தகடு பாதி வானத்தை மறைக்கும்.

சரி, அந்த வேகத்தடை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அலுங்காமல் ஏறி இறங்கும்படி 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும், மேலே பட்டை அடிக்க வேண்டும். என்னைத் தூக்கிப்போட்டது ஒரு முழ அகலம்கூட இல்லாத தார்க்குவியல். மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு சுண்ணாம்பு மாதிரி எதையோ பூசினார்கள், அடுத்த மழையில் கரைந்துவிட்டது. இன்னும் அங்கேயே இருக்கிறது, வாரத்துக்கு ஒருவர் அதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

அப்புறம், ஆன்லைன் சர்வரில் இதைச் சொன்னபோது ஒருவர், ‘இது ஏமாற்று வேலை, நிஜ விமானி கழுத்தைத்தான் திருப்புகிறான்’ என்றார். நிஜ விமானி கழுத்தை 70 டிகிரி திருப்பி, அதற்கு மேல் கண்ணை ஓரத்துக்கு ஓட்டி, அதற்கும் மேல் ஓரப் பார்வையில் ஒரு நிழலைப் பிடித்துவிடுவான். மனிதக் கண்ணின் பக்கவாட்டுப் பார்வை சுமார் 200 டிகிரி, என் ஹெட்செட்டில் அதில் பாதிகூட இல்லை, லென்ஸின் ஓரமும் மங்கல். அதனால் ஹெட்செட் போட்டவன் நிஜ விமானியைவிட அதிகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, அதுவும் மூக்குக்கு முன்னால் அரைக் கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு. ஸ்பிட்ஃபயரில் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேல் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வைத்தார்கள், அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. நான் போட்டியில் ஜெயிக்க இதைக் கேட்கவில்லை, எல்லோரும் பார்க்கிற வானத்தை நானும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு வருத்தம், இது விளையாட்டின் செட்டிங்ஸிலேயே இருக்க வேண்டிய ஒன்று. நிறக்குருடு உள்ளவர்களுக்கு, காது கேளாதவர்களுக்கு என்று வசதி வைக்கிறார்கள், கழுத்து திரும்பாதவர்களுக்கு ஒரு ஸ்லைடர் வைக்க எத்தனை நாள் ஆகும்? யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் செய்து இலவசமாகக் கொடுத்த நிரலை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் பறக்கிறோம்.

நிரலைப் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹெட்செட் இல்லாமல் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தோளை அசைக்காமல், வலிக்காமல் எவ்வளவு திரும்ப முடிகிறது என்று இரண்டு பக்கமும் போனில் திசைகாட்டி ஆப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணிலிருந்து 7, 8 டிகிரி கழித்து அதைத் தொடக்கக் கோணமாக வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வராது, என்னுடையதை அப்படியே போட்டுவிடாதீர்கள். விரலில் மரமரப்பு இருந்தால் முதலில் டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள், விமானம் எங்கேயும் போகாது.