பழைய எஸ்ஏஎஸ் கார்டு (டிஸ்குகளை சர்வரோடு இணைக்கும் கார்டு) போட்ட சர்வரில் லினக்ஸ் இன்ஸ்டாலர் டிஸ்கையே காட்டவில்லை. டிரைவர் எப்படிப் போடுவது, எட்டு டிஸ்கும் வந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

சேலத்தில் பதினொரு வருடமாக சர்வர் வேலைதான் பார்க்கிறேன். டிரைவர் ஏற்றுவதில் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. ஏற்றியபின் எண்ணிப் பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

முதலில் கார்டு யார் என்று பாருங்கள். சர்வரில் உள்ள கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு என்என்கே சேர்த்து (lspci -nnk) அடித்தால் கார்டின் எண் ஜோடி வரும். 1000, 0072 என்று வந்தால் அது எஸ்ஏஎஸ் 2008 சிப். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இந்தக் கார்டின் டிரைவரான எம்பிடி3எஸ்ஏஎஸ் (mpt3sas) மாட்யூல் ஏறியிருந்தாலும் கார்டைப் பிடிக்காமல் இருக்கலாம். 2019-இல் வந்த ரெட் ஹாட் 8-இலிருந்து இந்தப் பழைய சிப்புகள் ஆதரவுப் பட்டியலில் இல்லை. எல்ரெப்போ (ELRepo) என்ற தன்னார்வலர் தளத்தில் இதற்கான டிரைவர் டிஸ்க் கிடைக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் போட்டு, லேபிளை ஓஇஎம்டிஆர்வி (OEMDRV) என்று வைத்தால் இன்ஸ்டாலரே எடுத்துக்கொள்ளும். ரெட் ஹாட்டோடு ஒத்துப்போகும் இலவச லினக்ஸான அல்மாலினக்ஸ் 9.4-இல் எம்பிடி3எஸ்ஏஎஸ் பழைய கார்டுகளுக்கும் திரும்ப வந்துவிட்டது. புதிதாகப் போடுவதென்றால் அதுவே சுலபம். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூலை கெர்னல் ஏற்காது, அதையும் பாருங்கள். டேட்டா உள்ள பழைய டிஸ்க் ஏதாவது இருந்தால் இன்ஸ்டால் முடியும்வரை வெளியே உருவி வையுங்கள். டிரைவர் வந்தவுடன் அதுவும் ஃபார்மட் பட்டியலில் வந்து நிற்கும்.

இனி எண்ணும் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இதே எட்டு டிஸ்க் சர்வர். டிரைவர் ஏறியது, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) அடித்தேன், எஸ்டிஏ முதல் எஸ்டிஹெச் வரை எட்டு வரி. "அண்ணா, எட்டும் வந்துடுச்சு" என்றேன். கூட வந்த சீனியர் ரேக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"தம்பி, சீரியல் நம்பரைப் படிங்க. நான் ட்ரேல பார்த்து டிக் பண்றேன்."

சீரியலோடு, டிஸ்க் எந்த வழியாக இணைந்திருக்கிறது என்று சொல்லும் டிரான் (TRAN) பத்தியையும் கேட்டு மறுபடி அடித்தேன். ஏழு வரியில் 'எஸ்ஏஎஸ்'. முதல் வரியில் 'யூஎஸ்பி'. நான் பூட் செய்த பென்டிரைவைத்தான் எட்டாவது டிஸ்காக எண்ணியிருந்தேன்.

எத்தனை காணோம் என்பதே பாதி விடை சொல்லிவிடும். கார்டிலிருந்து டிஸ்குகளுக்குப் போகும் எஸ்எஃப்எஃப் 8087 கேபிள் ஒன்றில் நான்கு லேன், அதாவது நான்கு டிஸ்குக்கான பாதை. டிஸ்குகள் எக்ஸ்பாண்டர் (ஒரே கேபிளில் பல டிஸ்க் சேர்க்கும் பலகை) இல்லாமல் நேராக வந்தால், நான்கு ஒன்றாகக் காணோம் என்றால் கேபிளைப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்த ட்ரே அல்லது டிஸ்க். அண்ணா ஐந்தாவது ட்ரேயை உருவினார். கனெக்டர் பள்ளத்தில் பஞ்சுத் தூசி, விளக்குத் திரி மாதிரி சுருண்டு கிடந்தது. ப்ளோயரால் ஊதி, கொக்கி 'டக்' என்று விழும்வரை தள்ளினார். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டீமெஸ்ஜியில் (dmesg) புது டிஸ்கின் வரி உடனே வந்தது. சீரியல் நம்பர்களுக்கு டிக் போட்ட அந்தச் சீட்டை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். இன்றைக்கும் எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறேன். எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடும், சீரியல் மாறாது. மவுன்ட் செய்யும்போதும் மாறாத அடையாளமான யூயூஐடி (UUID) அல்லது பை-ஐடி (by-id) பெயர்தான் போடுங்கள்.

உங்கள் கார்டு ரெய்ட் மோடில் (பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை) இருந்தால், வால்யூமில் சேர்த்த டிஸ்குகள் தனித்தனியாகத் தெரியாது, அந்த வால்யூம்தான் தெரியும். அப்போது எண்ண வேண்டியது கார்டின் சொந்தக் கருவியில்.

கடைசியாக, டிராகட் (dracut) கட்டளையை ஓட்டி, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) கோப்பைப் புதிதாக்குங்கள். டிரைவர் அதற்குள் இல்லையென்றால், ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) அந்தக் கார்டின் டிஸ்கில் இருக்கும் மெஷின் அடுத்த பூட்டில் எழுந்திருக்காது. பிறகு ரீபூட் மட்டும் செய்யாமல் ஷட்டவுன் செய்து, பவர் கேபிளை உருவி ஐந்து நிமிடம் விட்டு, திரும்பக் கிளப்பி, சீட்டை வைத்துக்கொண்டு எட்டையும் இன்னொரு தடவை டிக் பண்ணுங்கள்.