ஏழு கணக்கு, ஒரே ஆள்: எந்த டூலுக்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: அண்ணியின் புடவைக் கடை, மாமா புதுச்சேரியில் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ், தோழியின் கேக் கடை என்று மூன்று பேருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புடவைக் கடைக்கு யூடியூப் சேனலும் உண்டு. மாற்றி மாற்றி லாகின் செய்து போஸ்ட் போடுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. எல்லா பாஸ்வேர்டும் ஒரு நோட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க உதவும் டூல் என்று ஹூட்சூட், பஃபர், ஜோஹோ சோஷியல் என ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் ஏழு கணக்கில் ஆறு, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் நடத்தும் மெட்டா நிறுவனத்துடையவை. அந்த ஆறையும் பார்த்துக்கொள்ள மெட்டாவே தருகிற 'மெட்டா பிசினஸ் சூட்' இலவசம், போஸ்ட், ரீல்ஸ், ஸ்டோரி மூன்றையும் முன்கூட்டியே தேதி, நேரம் போட்டு வைக்கலாம், 'இந்தப் புடவை என்ன விலை' என்று இன்ஸ்டாவில் கேட்டாலும் மெசஞ்சரில் கேட்டாலும் ஒரே இன்பாக்ஸில் வந்து நிற்கும். இன்ஸ்டா கணக்கை புரொஃபஷனல் கணக்காக மாற்றி, அந்தந்த ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். யூடியூபுக்கு அதன் ஸ்டுடியோவிலேயே ஷெட்யூல் வசதி இருக்கிறது.

சரி, மற்றவை? பஃபர் பழகுவதற்கு மிக எளிது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் இலவசத் திட்டத்தில் 3 சேனல் (நீங்கள் இணைக்கும் ஒவ்வொரு கணக்கும் அங்கே ஒரு சேனல்), ஒவ்வொன்றிலும் ஒரே சமயத்தில் 10 போஸ்ட் வரைதான் வரிசையில் நிற்கும். அதற்கு மேல் சேனல் கணக்கில் பணம், உங்களுக்கோ ஏழு சேனல். ஜோஹோ சோஷியல் நம் சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு, அங்கே கணக்கு பிராண்டு வாரியாகப் போகும், அதாவது உங்களுக்கு மூன்று பிராண்டு. ஹூட்சூட் 2023-லேயே இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது, பெரிய டீம் வைத்து வேலை செய்கிற கம்பெனிகளுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம்.

பணம் கட்டும் நிலை வந்தால் அது கெஸ்ட் ஹவுஸுக்காகத்தான் வரும். புதுச்சேரிக்கு வார இறுதியில் வருகிறவர்கள் கூகுள் மேப்பில் தேடித்தான் ரூம் பார்க்கிறார்கள், அந்த கூகுள் பிசினஸ் பக்கம் மெட்டாவின் டூலுக்குள் வராது, பஃபரிலும் ஜோஹோவிலும் வரும். அதுவரை வாரம் ஒருமுறை நேரடியாகப் போய் ஒரு போட்டோ போட்டு, ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதினாலே போதும்.

ஊர்ப் பெயரில் இருக்கும் ஃபேஸ்புக் குரூப்புகளில் எந்த வெளி டூலும் தானாகப் போஸ்ட் போடாது, அந்த வழியை மெட்டா 2024-ல் அடைத்துவிட்டது. அதைச் செய்து தருகிறேன் என்று எந்த ஆப்பாவது பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நல்ல டூல் எதுவும் ஃபேஸ்புக் பாஸ்வேர்டைத் தன்னிடம் டைப் செய்யச் சொல்லாது, ஃபேஸ்புக்கின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பி அனுமதி மட்டும் வாங்கும்.

டூலை விட எனக்குக் கவலை தருவது அந்த நோட்டுதான். மாமாவையும் அண்ணியையும் அவரவர் பக்கத்தில் முழு உரிமையோடு வைத்துவிட்டு, உங்கள் ஐடிக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். எல்லாருக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு ஒரு கோடும் கேட்கும் வசதி) போடுங்கள். நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் கடைக்காரர்கள் கையில் கடை இருக்கும்.

அப்புறம், நம் கடற்கரைக்கென்று ஒரு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மேல் ஷெட்யூல் செய்யாதீர்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஊரே தண்ணீரில் நின்றபோது, அன்றைக்கென்று முன்பே போட்டுவைத்த 'பீச்சுக்கு வாங்க' போஸ்ட் போயிருந்தால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பஃபரில் வரிசையை மொத்தமாக நிறுத்திவைக்கலாம். மெட்டா பிசினஸ் சூட்டில் பிளானர் என்ற காலண்டருக்குள் போய் தேதியை மாற்ற வேண்டும், புயல் எச்சரிக்கை வந்ததும் கரண்ட் போவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.