தென்னையில் வருவதெல்லாம் பூச்சிதானா? உயிரினங்களை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ஓலையில் வெள்ளையாக, கருப்பாக, குரும்பையில் பழுப்பாக எது தெரிந்தாலும் "பூச்சி விழுந்திருக்கு" என்கிறார்கள். மருந்தும் ஒன்றையே தருகிறார்கள். உயிருள்ளது எது, அது எந்த இனம் என்று உயிரியலாளர்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

பதில்:

நிறம், அளவு, ஊரில் வழங்கும் பெயர் மூன்றையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். உடம்பு எப்படி அமைந்திருக்கிறது, செல்லுக்குச் சுவர் உண்டா, உணவை எப்படி எடுக்கிறது, யாரோடு மூதாதை உறவு என்பவைதாம் அளவுகோல். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் பாதி வேலை தோப்பிலேயே முடியும்.

உயிருள்ளதற்கு அடையாளமாகச் சுவாசம், வளர்ச்சி, கழிவு நீக்கம், தூண்டலுக்கு மறுவினை, இனப்பெருக்கம் என்று பாடப்புத்தகம் சொல்லும். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பும். போர்த் தண்ணீர்க் குழாயில் உப்புக்கட்டி நாளுக்கு நாள் வளர்கிறது, ஆனால் அதற்கு உயிரில்லை. குவித்துப் போட்ட தேங்காய் அசைவதே இல்லை, ஆனால் அதன் மூன்று கண்ணில் மென்மையான ஒரு கண்ணுக்கு அடியில் கரு மூச்சுவிட்டபடி இருக்கிறது. விட்டுவைத்தால் முளைவிடும், உள்ளே தேங்காய்ப்பூ உருண்டு பருப்பைக் கரைத்து உறிஞ்சும். அதே காய் காங்கேயம் களத்தில் காய்ந்து, பாதிக்குப் பாதி இருந்த ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கிக் கொப்பரையானால் கரு செத்துவிடும். காண்டாமிருக வண்டைக் கொல்லும் ஒரிக்டஸ் வைரஸ் உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் நிற்கிறது. அதற்குச் செல் கிடையாது, வண்டின் செல்லுக்குள் போனால்தான் பெருகும். உயிரினங்களை ஐந்து பெரும்பிரிவாக்கும் ஐந்துலக வகைப்பாட்டில் வைரஸுக்கு இடம் இல்லாதது இதனால்தான்.

இனி ஓர் அடிமட்டையை இறக்கி, ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வட்டச் சுருளாக வெள்ளை மெழுகு தெரிந்தால் அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் முதன்முதலில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் பதிவானது. பெயரில் ஈ இருந்தாலும் இது ஈ இனம் அல்ல. உண்மையான ஈக்கும் கொசுவுக்கும் பறக்க ஒரு சோடி இறக்கைதான். பின்சோடி சிறு குமிழாகச் சுருங்கியிருக்கும். வெள்ளை ஈக்கு நான்கு இறக்கை, வாய் ஊசிபோல் குத்தி உறிஞ்சும். அசுவினியும் மாவுப்பூச்சியும் இதன் சொந்தக்காரர்கள். சாற்றை மட்டும் உறிஞ்சுவதால், இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்காக ஓலைமேல் அடிக்கும் மருந்து இதன் வயிற்றுக்குப் போவதே இல்லை.

கீழ்வரிசை ஓலையின் மேல்புறக் கருப்பு வேறு சங்கதி. வெள்ளை ஈ கழிக்கும் இனிப்புநீரில் வளரும் கரும்பூசணம் அது, பூஞ்சை. ஈரவிரலால் தேய்த்தால் வந்துவிடும், அடியில் ஓலை பச்சையாகவே இருக்கும். ஓலைக்குள் நுழையாமல் வெயிலை மட்டும் மறைக்கிறது என்பதால் பூஞ்சைக்கொல்லி வேண்டாம். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டி அடித்தால், காய்ந்து உரியும்போது கருப்பையும் சேர்த்து எடுத்துவிடும். கட்டி இருந்தால் நாசில் அடைக்கும். மூட்டமான நாளில் அடித்தால் காயாமல் வழிந்துவிடும்.

அடிப்புறத்தில் மெழுகுக்கு நடுவே கருத்துப்போன சிறு ஓடுகள் இருக்கிறதா என்று அவசியம் தேடுங்கள். அவை என்கார்சியா என்ற நுண்குளவி முட்டையிட்ட வெள்ளை ஈக் குஞ்சுகள். ஓட்டில் வட்டத் துளை இருந்தால் வெளியே வந்தது குளவி. ஆங்கில 'T' எழுத்துபோல் கிழிந்திருந்தால் வெள்ளை ஈ. வட்டத் துளை நிறைய இருக்கும் தோப்பில் பூச்சிமருந்து அடிப்பது பெரிய தவறு. மெழுகுக்குள் இருப்பது தப்பிக்கும், குளவி சாகும், அடுத்த தலைமுறை வெள்ளை ஈ தடையில்லாமல் பெருகும்.

குரும்பையில் காம்பை ஒட்டிய குல்லாய்க்குக் கீழே வெளிர் முக்கோணமாகத் தொடங்கிப் பழுப்பாகி வெடிப்பது ஈரியோபைட் சிலந்தி. இது பூச்சியே அல்ல. பூச்சிக்கு ஆறு கால், சிலந்தி வகுப்புக்கு எட்டு. இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நான்கே கால். நீளம் கால் மில்லிமீட்டர் தேறாது. குல்லாய் இடுக்கில் ஒளிந்திருப்பதால் மேலே தெளிப்பது எட்டாது. வேர்வழி கொடுப்பதென்றால் 5 சதவீத அசாடிராக்டின் (வேம்பு மருந்து) 7.5 மில்லியும் அதே அளவு தண்ணீரும். இளஞ்சிவப்பு உயிர்வேரைச் சாய்வாக வெட்டி, இந்த மருந்து ஊற்றிய பையில் நுழைக்க வேண்டும். காய்ந்த பழுப்பு வேரில் கட்டினால் மருந்து பையிலேயே கிடக்கும்.

வகைப்பாடு தெரியாததால் காசு அதிகம் வீணாவது 'வாடல்', 'அழுகல்' இரண்டிலும்தான். தஞ்சாவூர் வாடலில் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும். காரணம் கானோடெர்மா என்ற பூஞ்சை. போர்டோ கலவை இதற்குத்தான். மரத்துக்கு 40 லிட்டர் என்றால் மயில்துத்தம் 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம், தனித்தனியே 20 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்தால் செம்பு ஒட்டக்கூடாது. ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே ஊற்றினால் வேர் வெந்துவிடும்.

ஓலைக்கீற்றுகள் விலா எலும்புபோல் உள்வாங்கி வளைந்தால் அது கேரள வேர் வாடல். இதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா, 1967-இல் ஜப்பானில் முதலில் கண்டறியப்பட்ட வகை. பாக்டீரியாதான், ஆனால் செல்சுவர் இல்லாதது. சுவரை உடைத்துக் கொல்லும் பென்சிலின் இதை ஒன்றும் செய்யாது, பூஞ்சைக்கொல்லியும் அப்படியே. மரத்துக்கு மரம் கடத்துவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். நோய் முற்றிய மரத்தை அகற்றுவதும், மற்றவற்றுக்கு உரம் சரியாகக் கொடுப்பதும்தான் வழி.

குருத்தழுகலுக்குக் காரணமான ஃபைட்டோப்தோராவையும் நெடுங்காலம் பூஞ்சை என்றே வைத்திருந்தார்கள். பூஞ்சையின் செல்சுவர் கைட்டின், இதன் சுவரோ செல்லுலோஸ். மரபணுவைப் பார்த்தபின் பழுப்புக் கடற்பாசிகளின் உறவு என்று தெரிந்தது. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி குருத்தழுகலில் தோற்பதன் காரணம் இந்த உறவு மாற்றத்துக்குள்தான் இருக்கிறது. மெட்டலாக்சில் என்ற மருந்து இதற்குக் கேட்கும், செம்பு மருந்து பூஞ்சை, ஃபைட்டோப்தோரா இரண்டுக்கும் கேட்கும்.

தண்டில் சாம்பல்பச்சைத் திட்டாக ஒட்டியிருப்பது லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம். தொல்லையில்லை, சுரண்டாதீர்கள்.

தென்னையையும் இதே அளவுகோலில் பாருங்கள். இணைநரம்பு இலை, சல்லிவேர், ஒற்றை வித்திலை. லின்னேயஸ் 1753-இல் கோகோஸ் நியூசிஃபெரா என்று பெயரிட்டார். உறவுமுறையில் இது வேம்பைவிடக் கரும்புக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் நெருக்கம். புற வயிரம் உடையது புல், அக வயிரம் உடையது மரம் என்ற தொல்காப்பிய மரபியல் வரையறையிலும் தென்னை புல்லின் பக்கம்தான் விழுகிறது. தண்டைப் பருக்கவைக்கும் வளர்திசு வளையம் இல்லாததால், ஏறுவதற்கு வெட்டிய படி ஒருநாளும் மூடாது. அந்தக் காயத்தில்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். படி வெட்டவே வெட்டாதீர்கள்.

இனம் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோங்கள். பறக்கும் வெள்ளை ஈயைவிட, கூட்டுப்புழு ஓடு ஒட்டிய ஓலைக்கீற்றே முக்கியம், இனத்தைப் பிரிப்பது அந்த ஓட்டின் அமைப்பை வைத்துத்தான். காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, போய்ச் சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.