வளைவு அணை என்றால் என்ன? அவ்வளவு மெல்லிய சுவர் எப்படித் தண்ணீரைத் தாங்குகிறது?

ஆற்றின் குறுக்கே, தண்ணீர் நிற்கும் பக்கம் புடைத்தபடி வில்லாக வளைத்துக் கட்டும் கான்கிரீட் சுவர்தான் வளைவு அணை. எடை அணை தன் பாரத்தால் நீரைத் தடுக்கும். இதுவோ அழுத்தத்தை இரு கரைப் பாறைகளுக்கும் தள்ளிவிடும். ஓர் அட்டையை வளைத்து இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே நிறுத்தி, புடைத்த பக்கம் விரலால் அழுத்துங்கள்: அட்டை எளிதில் மடங்காது, புத்தகங்களைத்தான் நெட்டும். கான்கிரீட்டை இழுத்தால் விரிசல் விடும், அமுக்கினால் அசராது. வளைந்த சுவரைத் தண்ணீர் பெரும்பாலும் அமுக்கவே செய்யும், அதனால் மெல்லிய சுவரே போதும், செலவும் மிச்சம். ஆனால் குறுகலான பள்ளத்தாக்கும் உறுதியான பாறையும் வேண்டும். அது அமைவதுதான் கஷ்டம்.

சுவர் மெல்லியது என்பதால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்சில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டிய மால்பாசே வளைவு அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கைவிட்டது கான்கிரீட் இல்லை, இடது கரைப் பாறை.